அம்பலம் வாங்கிக்கொண்ட வாடை

அந்த வைகாசிக் காலையில் ஊர்த் தலைவர் சேவுகன் அம்பலம் செய்தது ஒன்றுதான், முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் துடைத்தது தோளில் கிடந்த வெள்ளைத் துண்டால், நின்றது பெரிய கண்மாயின் கரைமேல், கீழே வற்றிய தண்ணீரின் விளிம்பில் ஊத்தாக் கூடையும் கைவலையுமாக வடசாலைப்பட்டி முழுவதும் ஒரு காலை முன்னே வைத்து நின்றுகொண்டிருந்தது, மடைக் கருப்பனுக்கு ஏற்ற வேண்டிய சூடம் இன்னும் பூசாரியின் மடியிலேயே இருந்தது. மீன்பிடித் திருவிழா அன்று சூடம் ஏற்றி, அது அணைந்து, அதற்குப் பிறகு அம்பலம் வெள்ளைத் துண்டை வீசினால்தான் ஊரில் ஒரு கால் தண்ணீரில் படும். அவருடைய அப்பா வீசியதும் அப்படித்தான், அப்பாவுக்கு அப்பா வீசியதும் அப்படித்தான். அன்றைக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கிவிட்டது. துண்டு அசைந்ததைப் பார்த்த கணத்தில் ஊர் ஒரே குரலில் கூவிக்கொண்டு கண்மாய்க்குள் பாய்ந்தது, கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் ஒருவரும் மிச்சமில்லை. அம்பலம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

அந்த வருஷம் போல ஊருக்கு என்றைக்கும் மீன் கிடைத்ததில்லை. கூடையைக் கவிழ்த்த இடமெல்லாம் விரால் இருந்தது, சேற்றில் கை வைத்தால் கெளுத்தி வந்தது, வெறுங்கையோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கையிலும் கெண்டைகள் தாமாக வந்து சேர்ந்தன. அந்த மீனை விற்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு என்பதால் நூற்று எண்பத்தாறு வீட்டிலும் அன்று மீன் ஆய்ந்தார்கள், மீன் கொதித்தது, பொழுது சாயும்போது தெருவில் நடந்தவர்கள் குழம்பின் ஆவியை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். மடையைத் திறந்து அடைக்கிற வெள்ளைக்கண்ணு ஒருவர் மட்டும் அன்று கண்மாயில் இறங்கக் கூடாது, மீனையும் தொடக் கூடாது, மடைக்கல்லில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருடைய பங்கு குழம்பாகத்தான் வீட்டுக்குப் போகும். அப்படித்தான் போனது.

மறுநாள் காலையில் ஊரின் கைகளில் கவுச்சி இருந்தது. இருப்பது வழக்கம்தான். ஒரு நாள் இருக்கும், இரண்டு நாள் இருக்கும், பிறகு போய்விடும். இது போகவில்லை. முதலில் சோப்பு போட்டார்கள், பிறகு புளியைக் கரைத்துத் தேய்த்தார்கள், எலுமிச்சை மூடியால் நகக்கண் எரிய எரியத் தேய்த்தார்கள், சாம்பல், செங்கல்பொடி, காப்பித்தூள், மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாக வந்தது. எவர்சில்வர் பாத்திரத்தில் கையைத் தேய்த்தால் வாடை போய்விடும் என்று யாரோ செல்போனில் பார்த்துச் சொன்னதில் ஊரிலிருந்த குடங்களெல்லாம் கண்ணாடி போலப் பளபளத்தன, கைகள் அப்படியே இருந்தன. அந்த வாடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை; அப்போதுதான் விராலின் செதிலைச் சுரண்டி எழுந்த மாதிரி மணிக்கட்டு வரைக்கும் நின்றது, அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறவில்லை.

போகாது என்று தெரிந்ததும் ஊர் அதற்குத் தகுந்தபடி நடக்கத் தொடங்கியது. பூசாரி திருநீற்றை மாவிலையால் எடுத்துக் கொடுத்தார். பசுக்கள் கறக்க விடாததால் கறக்கிறவர்கள் கையில் வைக்கோலைக் கசக்கித் தேய்த்துக்கொண்டு, பசு முகத்தைத் திருப்புவதற்குள் கறந்து முடித்தார்கள். சாப்பாட்டில் எல்லாமே மீனாக ருசித்தது. கத்தரிக்காய்க் கூட்டும் மீன், தயிர்ச் சோறும் மீன். கரண்டியால் தின்னப் பழகிய சிலருக்கு மட்டும் அது அதுவாக இருந்தது. டவுன் பஸ்ஸில் வடசாலைப்பட்டிக்காரர்களுக்குப் பின் ஸீட்டு என்று ஆனது, கொஞ்ச நாளில் அந்த ஸீட்டு தங்களுக்கே உரியது என்று அவர்கள் சண்டை பிடிக்கிற அளவுக்கும் ஆனது. பக்கத்து ஊர்க்காரர்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்து, கையை நீட்டச் சொல்லிக் குனிந்து முகர்ந்து பார்த்து, உண்மைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இது எதனால் வந்தது என்று ஊரில் நாலைந்து பேச்சு இருந்தது. எதுவும் அம்பலத்தைத் தொடவில்லை. துண்டு வீசியது வீசியதாகவே எல்லோரும் பேசினார்கள். வீசவில்லை, துடைத்தேன் என்பது தனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், சாமி சூடத்தைக் காணாத நாளில் ஊரைத் தண்ணீரில் இறக்கியவன் தான்தான் என்பது சோற்றில் கல் மாதிரி அவருக்குக் கடிபட்டுக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் இன்னொரு கவலை. அவருக்கு ஒரே மகள், மணிமொழி; காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டவள், கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள், உண்டான நாளிலிருந்து மீன் என்று வாயால் சொன்னாலே ஓங்கரித்தாள். ஆனியில் வளைகாப்பு, அது முடிந்ததும் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அம்பலத்தின் மனைவி ராக்கு கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு, ஊரே இப்படி இருக்கையில் அவளை எந்த வீட்டில் கொண்டுவந்து வைப்பது என்று கேட்பாள்.

வாடை எப்படிப் போகும் என்பதை வளையல்காரர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார், அதுவும் தெரியாமல். வளைகாப்புக்கு வேண்டிய வளையலுக்கு ராக்கு சொல்லி அனுப்பியிருந்தாள்; வந்தவரைத் தெருப் பெண்கள் விடவில்லை, பதினோரு பேர் கையை நீட்டினார்கள். கவுச்சிக் கையில் வளையல் ஏற்றப் பழகிய மனிதர் அல்ல அவர், ஆனாலும் வியாபாரம் என்று மூக்கைச் சுளிக்காமல் ஒவ்வொரு கையாகப் பிடித்து, கட்டை விரலை மடக்கி, எலும்பு நோகாமல் அமுக்கி, ஒவ்வொன்றாக ஏற்றி அனுப்பினார். அன்று பகல் சோற்றை அந்தப் பதினோரு பெண்களும் மீன் ருசி இல்லாமல் தின்றார்கள். மறுநாள் விடிந்ததும் வளையல்காரர் கையிரண்டையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு வந்து தெருநடுவில் நின்று, "உங்க ஊர்ச் சாமானை நீங்களே எடுத்துக்கங்கம்மா, என் வீட்டம்மா படுக்கைய வெளிய தூக்கிப் போட்டுட்டாக" என்றார். யார் எடுப்பது என்று பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வளையல் சொல்லியனுப்பியவள் தான்தானே என்று ராக்கு போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் தன் கையை முகர்ந்து பார்த்தார், சைக்கிளில் ஏறினார், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

அதிலிருந்து ஊர் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டது. வாடை பிடிக்கிறவர் கைக்குப் போகிறது, தள்ளிவிட நினைக்கிறவர் கையை விட்டு அது போவதில்லை. போனால் முழுசாகப் போகிறது, கொடுத்த கையில் துளி மிஞ்சுவதில்லை. மூன்றாவதுதான் யாருக்கும் கணக்கில் அடங்காதது: பதினோரு பேர் வாடை ராக்குவின் கையில் சேர்ந்தும், ராக்குவின் வாடையும் அங்கேயே இருந்தும், அது ஒருத்தியின் வாடையாகத்தான் இருந்தது. ஆயிரம் விளக்கு வைத்தாலும் வெளிச்சம் ஒன்றுதானே என்று பூசாரி சொன்னார். அது சரியான உவமை இல்லை என்று எல்லோருக்கும் தோன்றியது, ஆனால் வேறு உவமையும் யாரிடமும் இல்லை.

ஆக, ஊர் வாடை முழுவதையும் ஒரே ஆள் வாங்கிக்கொள்ளலாம். சாவடியில் கூட்டம் கூடியதும் அந்த ஒரே ஆள் யார் என்பதில் பலருக்குச் சந்தேகம் இல்லை என்று தெரிந்தது. தலைமடையில் நிலம் வைத்திருக்கும் பெரியணன் அதை வாய்விட்டே சொன்னார். வெள்ளைக்கண்ணுவின் கை எப்படியும் சேற்றிலும் பாசியிலும் கிடக்கிற கைதான், அவர் இருப்பதும் கிழக்கே ஒதுங்கிய தெருவில்தான், வருஷத்துக்கு இரண்டு மூட்டை நெல் கூடப் போட்டுவிட்டால் போகிறது. ஒருவரும் சரி என்று சொல்லவில்லை, ஒருவரும் கூடாது என்றும் சொல்லவில்லை. வெள்ளைக்கண்ணு கூட்டத்துக்கு வெளியே, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். ஊரிலேயே வாடை படாத இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவை வேறு யாருடையவோ என்பதைப் போல.

அம்பலம் எழுந்தார். "திருவிழாவுல முதல் மரியாதை யாருக்கு?" என்று கேட்டார். எல்லா வருஷமும் அவருக்குத்தான் என்று பெரியணனே சொன்னார்.

"அப்ப இதையும் எனக்கே குடுங்க."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் சாவடியின் நடுவில் வந்து நின்றார். முதலில் ராக்குவின் கையைப் பிடித்தார். முப்பது வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் கையைப் பிடித்ததில்லை, அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு வரிசையாக வந்தார்கள். டீக்கடை அடைக்கலத்தின் சூடு பட்ட விரல்கள், பூசாரியின் எலும்புக் கை, சண்டையில் எட்டு வருஷம் முகம் பார்க்காத பங்காளியின் கை, பால்குடி மறக்காத பிள்ளைகளின் கை, கிழக்குத் தெருவிலிருந்து தயங்கித் தயங்கி வந்து நின்ற, அதுவரை அவர் ஒரு தரமும் தொட்டிராத கைகள். எல்லாவற்றையும் பிடித்தார், ஒவ்வொன்றையும் வாடை முழுக்க இறங்குகிற நேரம் வரைக்கும் பிடித்திருந்தார். வெயில் சாய்வதற்குள் அறுநூறு கைகளுக்கு மேல் ஆகியிருந்தது. கையைக் கொடுத்தவர்கள் எல்லாம் தெரு முனைவரை நடந்து போய், அங்கே யாரும் பார்க்காமல் உள்ளங்கையை முகர்ந்து பார்த்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

மணிமொழியை அழைத்து வருவதற்கு முதல் நாள் அம்பலம் கண்மாய்க்கரை ஓரத்திலிருந்த தன் மோட்டார் ரூமுக்குக் குடிபோனார். ஒரு கட்டில், ஒரு சொம்பு, ஒரு கரண்டி, செல்போன். அவர் போன மூன்றாம் நாளே ஊரிலிருந்த பூனைகளெல்லாம் வீடுகளைக் காலி செய்துவிட்டு மோட்டார் ரூம் வாசலில் வந்து உட்கார்ந்தன. அவர் நடந்தால் நடந்தன, நின்றால் நின்றன, கண்மாயில் தண்ணீர் தேடி ஏமாந்த இரண்டு கொக்குகளும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ராக்கு சோற்றைக் கொண்டுவந்து கல்லில் வைத்துவிட்டுக் காற்றடிக்கும் பக்கமாகப் போய் நின்று பேசுவாள். அடைக்கலம் ஒரு பலகையில் டீ கிளாஸை வைத்து நீட்டுவார். ஊர் வழக்குகளை அங்கேயே கொண்டுவந்தார்கள். வாதியும் பிரதிவாதியும் வாடைக்கு எதிரே வெகுநேரம் உட்கார முடியாமல் அரைமணியில் சமாதானமாகிப் போனதால், அந்த இரண்டு மாதத்தில் தீர்ந்த மாதிரி ஊரில் என்றைக்கும் வழக்குகள் தீர்ந்ததில்லை. அம்பலம் எங்கே என்று வெளியூர்க்காரர் கேட்டால், மூக்கு போகிற பக்கம் போங்கள் என்பார்கள். அதில் கேலி இல்லை. மேற்கே கோயில், கிழக்கே மடை என்பதைப் போல அதுவும் ஓர் அடையாளமாகிவிட்டது.

மணிமொழி வந்து இறங்கிய அன்று அவர் கரைமேல் நின்று பார்த்தார். காரிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள் வாசலில் அவரைத் தேடினாள், பிறகு தெருவைத் தேடினாள், பிறகு கரைமேல் பூனைகளுக்கு நடுவில் நிற்கிற உருவத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் கூப்பிடு தூரம்தான். தினமும் சாயங்காலம் அவள் மாடியில் ஏறி நின்று போனில் பேசுவாள், அவர் கரையில் நின்று பேசுவார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே, ஒருவர் குரல் மற்றவருக்குக் காற்றில் ஒருமுறையும் போனில் ஒருமுறையும் கேட்கப் பேசுவார்கள். அப்படி ஒரு நாள் அவள், பிள்ளைக்குச் சேனை அவர்தான் வைக்க வேண்டும் என்றாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை முதன்முதலாகத் தொட்டு வைக்கிறவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"எந்த விரலால வைக்கச் சொல்ற?" என்று அவர் கேட்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. நீங்க வைக்கலைன்னா எங்க மாமனார் வைப்பாக. நல்ல மனுசந்தான், ஆனா பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. எம் புள்ளையும் அப்படி இருந்தா என் காது என்னத்துக்கு ஆகும்?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் போனை வைத்த பிறகு வலது கை ஆள்காட்டி விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் பெரியாஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். அங்கே தாய்ப்பாலைத் தவிர எதுவும் தொடக் கூடாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு சொட்டு, பேருக்குத் தொட்டு வைப்பது என்று முடிவாயிற்று. சம்பந்தியும் கூடவே வருகிறார். ராக்கு இதைச் சொல்லிவிட்டுக் கல்லில் சோற்றை வைத்தாள், வைத்த பிறகும் போகாமல் நின்றாள். யாரிடமாவது ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாமே என்றாள். அம்பலம் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதை என்று சொல்லி நாலு பேர் முன்னால் வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்த அம்பலம் அந்த வம்சத்தில் இல்லை. அதைவிட, தன்னால் வந்ததை அடுத்தவன் கையில் எப்படிக் கொடுப்பது. அவளிடம் இதைச் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்.

ஆனாலும் அந்த இரண்டு நாளும் அவர் கேட்பதற்காகவே ஊருக்குள் போனார். டீக்கடைக்குப் போனார், அடைக்கலம் பலகையை நீட்டினார், பேத்தி பிறந்ததற்குச் சர்க்கரையைக் கூடப் போட்டிருப்பதாகச் சொன்னார். அம்பலம் குடித்துவிட்டுத் திரும்பினார். பங்காளி வீட்டு வாசலில் நின்றார், பங்காளி பேத்தி யார் ஜாடை என்று விசாரித்தார். அம்பலம் இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அறுநூறு கைகளைப் பிடித்தவருக்கு, ஒரு கையை நீட்டிப் பிடி என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் நாள் முற்பகலில், கார் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டது என்று ராக்கு போன் செய்தபோது, அவர் மடைக்கல்லின் அருகில் நின்றிருந்தார். மடைக்கு அடியில் அடைந்து கிடந்த செத்தையை வெள்ளைக்கண்ணு வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். பூனைகள் ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்தன.

எதற்காக அவரிடம் சொன்னார் என்று அம்பலத்துக்கே தெரியாது. கேட்க முடியாததால் சொல்லிவிட்டார். அன்றைக்குத் துண்டை வீசவில்லை, முகத்தைத் துடைத்தேன் என்றார். சூடம் ஏற்றுவதற்கு முன்னால் ஊரைத் தண்ணீரில் இறக்கியது தான்தான் என்றார். அதனால்தான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், மரியாதைக்காக இல்லை என்றார்.

வெள்ளைக்கண்ணு செத்தையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "தெரியும்ய்யா."

"என்ன தெரியும்?"

"வீசுறப்ப தலைக்கு மேல ரெண்டு சுத்துச் சுத்துவீக. அன்னைக்குத் துண்டு மூக்குக்கு மேல போகலை. நான் இந்தக் கல்லுலதான இருந்தேன். எனக்கு மட்டுமில்ல, ஊருக்கே தெரியும்."

அம்பலம் தோளிலிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். "தெரிஞ்சா ஒருத்தர்கூடச் சொல்லலையே?"

"சொன்னா தண்ணிய விட்டுக் கரையேறணும்ல. எவன் ஏறுவான்? காலையிலேருந்து கால் அரிச்சுப்போய் நின்னாக. நீங்க தும்மியிருந்தாலும் ஓடியிருப்பாக." வெள்ளைக்கண்ணு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். "தொடைச்சது உங்க கைய்யா. ஓடுனது ஊரு காலு. அதுக்கு நீங்க ஒருத்தரே ரெண்டு மாசமா பூனை மேய்ச்சுக்கிட்டுத் திரியிறீக."

அம்பலத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகி, அவர் துண்டை முகத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெள்ளைக்கண்ணு கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைக் கொடுங்கள் என்றார்.

"நீ எதுக்கு வாங்கணும்? மீனே பிடிக்கலையே நீ."

"குழம்பு தின்னேன்லய்யா."

சொல்லிக்கொண்டே அவர் அம்பலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டார். அதுவரை யாரும் அம்பலத்தின் கையை அப்படிக் கேட்காமல் பிடித்ததில்லை. சொரசொரத்த, ஈரமான, நகத்தில் பாசி படிந்த கைகள். மடைப்பலகையைப் பிடிக்கிற பிடி. அம்பலத்தின் மணிக்கட்டிலிருந்து ஏதோ இறங்கியது, சட்டையைக் கழற்றுவது போல இறங்கியது. வெள்ளைக்கண்ணு விட்டதும் பூனைகள் எழுந்து, சோம்பல் முறித்து, இடம் மாறி அவரைச் சுற்றி உட்கார்ந்தன. ஒரு கொக்கு மட்டும் யோசித்துவிட்டுப் பிறகு போனது.

"ஒரு நாளைக்குத்தான்யா எனக்கு," என்றார் வெள்ளைக்கண்ணு. "நாளையிலேருந்து முறை போட்டுருவோம். தண்ணிக்குப் போடலையா?"

அன்று பகலே அவர் கையை நீட்டிக்கொண்டு சாவடிக்குப் போய் அதைச் சொன்னதாக அம்பலம் பின்னால் கேள்விப்பட்டார். நூற்று எண்பத்தாறு வீடு, வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு நாள். இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். யாரிலிருந்து தொடங்குவது என்பதில்தான் தகராறு வந்தது; தண்ணீர் என்றால் தலைமடைக்கே முதல் பாத்தியதை என்று பாட்டன் காலத்திலிருந்து வாதாடியவர்கள், இதைக் கடைமடையிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம் என்றார்கள். வெள்ளைக்கண்ணு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர் எந்த வரிசையில் பாய்கிறதோ வாடையும் அந்த வரிசையில்தான் பாயும், வேறு வரிசை தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். கடைமடைக்காரர்கள் கைதட்டினார்கள். அம்பலம் இரண்டு மாதம் சுமந்துவிட்டதால் அவரை வரிசையிலிருந்து எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, ராக்கு, அதற்கு அவர் சம்மதிக்க மாட்டார், வேண்டுமானால் கடைசியில் போடுங்கள் என்று வீட்டிலிருந்தே சொல்லி அனுப்பினாள்.

அம்பலம் அப்போது வீட்டில் இருந்தார். இரண்டு மாதம் கழித்துத் தன் வீட்டு நடையில் கால் வைத்தவர், பழக்கத்தில் கையை உடம்பிலிருந்து விலக்கியே வைத்திருந்தார். சம்பந்தி காரைக்குடியிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வடசாலைப்பட்டி வரைக்கும் வந்த வழியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ராக்கு கிண்ணத்தை நீட்டினாள். அம்பலம் விரலை முகர்ந்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு தரம் முகர்ந்தார், பிறகு ராக்குவின் மூக்கருகே நீட்டினார், அவள் ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினாள். சர்க்கரைத் தண்ணீரில் நுனியைத் தொட்டுப் பிள்ளையின் உதட்டில் வைத்தார். அரிசி அகலத்துக்கு ஒரு நாக்கு வெளியே வந்து, அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. சம்பந்திகூட அந்த நேரத்துக்குப் பேச்சை நிறுத்தியிருந்தார்.

மறுநாள் பகலில் அம்பலம் மகளின் கட்டிலருகே நாற்காலியில், பிள்ளையை மடியில் வைத்து, அசைந்தால் விழித்துவிடுமோ என்று ஒரே வாக்கில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. முறைப்படி அன்று முதல் ஆள் பெரியணன். காலையிலேயே வெள்ளைக்கண்ணுவிடம் போய்க் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டார் என்று சொன்னார்கள். வயலுக்குப் போக வேண்டாம், தண்ணீர் எடுக்க வேண்டாம், இன்றைக்கு எதையும் தொடாமல் இருந்தால் போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டதால், விவரம் தெரிந்த நாளிலிருந்து முதல்முறையாக வேலையற்றுப் போன பெரியணன், என்ன செய்வதென்று தெரியாமல் தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவி தன் முறை எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருப்பதாகவும், வீட்டுக்கு ஒரு ஆள் என்றால் அந்த ஆள் ஆம்பிளையாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டதாகவும், அதற்கு மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டதாகவும் ராக்கு சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியணன் ஜன்னலுக்கு வெளியே வந்தபோது காற்று வீட்டுப் பக்கம் திரும்பியது. முதலில் பூனைகளின் சத்தம் கேட்டது, பிறகு அது உள்ளே வந்தது. அம்பலம் மகளின் முகத்தையே பார்த்தார். எழுந்து ஜன்னலைச் சாத்த வேண்டும், மடியில் பிள்ளை இருக்கிறது. மணிமொழி கண்ணைத் திறந்தாள், மூக்கை உறிஞ்சினாள், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தரம் உறிஞ்சினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா," என்றாள், "இவ்வளவுதானா?"

இவ்வளவுதான் என்றார்.

அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்து, ராத்திரிக்கு அயிரை மீன் கிடைத்தால் குழம்பு வைக்கச் சொல்லுங்கள், பால் நன்றாகச் சுரக்குமாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். வெளியே பெரியணன் நாலாவது தரமாகத் தெருவைக் கடந்தார். அம்பலம் நாற்காலியில் மெல்லச் சாய்ந்துகொண்டார். அவருடைய முறை வருவதற்கு இன்னும் நூற்று எண்பத்தைந்து நாள் இருந்தது. அதற்குள் பிள்ளை குப்புற விழுந்து, தலை நின்று, முகம் பார்த்துச் சிரித்து, எதிரே எந்தக் கையை நீட்டினாலும் அதில் என்ன வாடை இருக்கிறது என்று பார்க்காமல் தாவுகிற பருவத்துக்கு வந்திருக்கும்.